சுவரில் அடுத்த வருடம்

பசுந்தாங்கில் அம்சாவின் கீழ்த்தள வீட்டுக்குள் மழைத்தண்ணீர் ஏறாத வருடமில்லை. ஏறிய உயரத்துக்குச் சுவரில் பென்சிலால் ஒரு கோடு போட்டு, பக்கத்தில் வருடத்தையும் எழுதி வைப்பாள். எந்தக் கோடும் முழங்காலைத் தாண்டியதில்லை.

இந்தச் சித்திரையில், ஒரு துளிகூடப் பெய்வதற்கு முன்பே, அவள் தலைக்கு மேலே புதிதாக ஒரு கோடு இருந்தது. பக்கத்தில் 2026, அவள் கையெழுத்திலேயே; ஆனால் அவள் எழுதவில்லை.

"தாமுவே ஊர்ல இருக்கற எங்க அக்கா வீட்டுக்குப் போயிருவோம்," என்றான் கணவன் ரமணன்.

"எவன் எழுதினா என்ன? என் சுவத்துல நானும் எழுதுவேன்."

அம்சா குனிந்து, கணுக்கால் உயரத்தில் கோடு போட்டு 2027 என்று எழுதினாள்.

"அடுத்த வருஷமும் இங்கதான் இருப்பேன். இதுக்கு மேல வரக் கூடாது."

பென்சிலைச் சுவரிலிருந்து எடுத்தாள். 2027 கோட்டுக்குக் கீழே மட்டும் சுவர் அதற்குள் நனைந்திருந்தது.