விருந்தாளியின் மிதி

மெத்தை அளவுக்கு மீறி மெத்தென்றிருந்ததில் லவுரிந்துவுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டிருக்கிறது. நாற்பது அறுவடைக்கு அவர் கூடை சுமந்த திராட்சைத் தோட்டத்தின் பழைய மாளிகை இப்போது விடுதி. மகன் பிரான்சிலிருந்து பணம் கட்டியதால் மூன்று நாளாக அவர் இங்கே விருந்தாளி. கால்சட்டையை முழங்காலுக்குச் சுருட்டிக்கொண்டு, ஒயினுக்குப் பழம் மிதிக்கும் கல்தொட்டியின் விளிம்பில் நிற்கிறார். சாய்ந்த வெயில் சின்ன ஜன்னல் வழியாக விழுந்து கூழின் மேல் மினுங்குகிறது. உள்ளே ஏழெட்டு விருந்தாளிகள் தோளில் கைபோட்டு, தொடைவரை ஊதாவாகி, சிரித்துச் சிரித்து மிதிக்கிறார்கள். நடுவில் "இடது, வலது" என்று தாளம் சொல்லும் பழைய கூட்டாளி பெல்மிரு மட்டும் கூலிக்கு மிதிக்கிறவர். தேய்ந்த முட்டியோடு காலைக் கூழிலிருந்து உருவும்போதெல்லாம் அவர் உதடு கோணுகிறது.

"மேல வா. உனக்குப் பதிலா நான் இறங்குறேன்," என்கிறார் லவுரிந்து.

"துரை காசு கொடுத்து மிதிக்க வந்தவரு. எங்க கூலி வேலை எதுக்கு?"

"நக்கல் போதும்டா. என் மக பொறந்தப்ப ரெண்டு ராத்திரி எனக்காக மிதிச்ச. இன்னும் நான் திருப்பல."

"அப்ப தூங்கி விழுந்தா மேஸ்திரி கூலிய வெட்டுவான். இன்னைக்கு நீ விழுந்தா துண்டு எடுத்துட்டு ஓடியாருவாங்க. விருந்தாளி மிதி கணக்குல சேராது, லவுரிந்து." பெல்மிரு திரும்பி, "இடது," என்கிறார்.

லவுரிந்து கால்சட்டையின் சுருட்டலை மெல்ல இறக்கிவிடுகிறார். பெல்மிருவுக்கு அவர் இன்னும் இரண்டு ராத்திரி மிதி பாக்கி.