நாலேகால் கிலோ

எடைக் கருவியில் குழந்தை உட்கார்ந்திருந்தான். பெற்றவள் எண்ணைப் பார்க்காமல் நர்ஸின் முகத்தையே பார்த்தாள்.

நர்ஸ் வளர்ச்சி அட்டையில் புள்ளி வைத்தாள். உச்சிக் கோட்டில் தொடங்கியவன், இப்போது நடுக்கோட்டுக்கும் சற்றுக் கீழே.

பிறந்தபோது நாலேகால் கிலோ. அடுத்த வார்டிலிருந்தெல்லாம் வந்து பார்த்தார்கள். மாமியார் எல்லாருக்கும் மைசூர்பாகு கொடுத்தாள். “பாத்துட்டே இருங்க, ரெண்டு வயசுல வாசல் நிலைல தல இடிக்கும்.”

பத்து மாதத்தில் அந்தப் பெருமை வடிந்துவிட்டது.

“பூனைக்குட்டியாட்டம் ஆக்கி வெச்சிருக்கறா” என்று மாமியார் பக்கத்து வீட்டில் சொல்வது இவள் காதில் விழும். விழட்டும் என்றுதான் சொல்வாள்.

அவள் பால் ஊறட்டும் என்று பால்சுறா மீன் தின்றாள். பூண்டைப் பாலில் வேகவைத்துக் குடித்தாள். குழந்தை வாயை மூடிக்கொண்டால் தாடையைப் பிடித்துத் திறந்து ஊட்டினாள்.

அவன் அழுவான். அவளும்.

கணவன் போர்வெல் லாரியோடு ராஜஸ்தானில் இருந்தான். போனில் “எத்தன கிலோ?” என்பான். வேறெதுவும் கேட்பதில்லை.

டாக்டர் பழைய சீட்டுகளைப் புரட்டினாள்.

“மாசமா இருந்தப்ப உங்களுக்குச் சக்கரை இருந்துச்சாம்மா?”

“இருந்துச்சுங்க.”

“பொறந்தப்ப இருந்த கனம் உங்க சக்கரை ஏத்தினது. அவனோடது இல்ல. அத வெச்சு வளத்திய கணக்குப் போட்டா தப்பாத்தான் போகும். இப்பதான் தன் அளவுக்கு வந்திருக்கான். நல்லா இருக்கான்மா.”

இத்தனை மாதத்தில் யாரும் அவளிடம் அப்படிச் சொன்னதில்லை.

பஸ்ஸில் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

இறங்கியதும் கணவனைக் கூப்பிட்டாள். டாக்டர் சொன்னதை ஒன்று விடாமல் சொன்னாள்.

அந்தப் பக்கம் இயந்திர இரைச்சல். பிறகு அவன் குரல்.

“அப்ப அன்னிக்கு ஊரே வந்து பாத்ததும் உன்ற சீக்குதானா?”

வைத்துவிட்டான்.

வீட்டில் யாரும் இல்லை. பருப்புச் சோறு பிசைந்து ஊட்டினாள். சில வாய்க்குப் பிறகு குழந்தை முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

தாடையைப் பிடிக்கப் போன கை நின்றது.

கிண்ணத்தைக் கீழே வைத்தாள்.

அவன் மடியிலிருந்து வழுக்கி இறங்கினான். தவழ்ந்து போய்க் கட்டிலின் காலைப் பிடித்தான். முட்டி நடுங்கியது. ஒரு முக்கல்.

எழுந்து நின்றுவிட்டான்.

அவள் வாசல் பக்கம் திரும்பினாள். யாரையாவது கூப்பிட வாயெடுத்தாள்.

பிறகு சத்தமில்லாமல் நகர்ந்து, அவனுக்கு எதிரே தரையில் போய் உட்கார்ந்தாள்.