உள்ளே நுழைந்தவர்கள்

மறுபடியும் ஒருத்தன் உள்ளே நுழைந்துவிட்டான்.

டொமினிக் பல்லைக் கடித்தார். ஒரு வாரம் தங்கவயலில் தங்கை வீட்டில் இருந்துவிட்டு, காலையில்தான் அடுகோடிக்குத் திரும்பியிருந்தார். அவர் குளித்து வருவதற்குள் மனைவி பிரிசில்லா லேப்டாப்பை எடுத்து, நெட்டோடு தயாராக மேஜையில் வைத்துவிட்டு மார்க்கெட்டுக்குக் கிளம்பிவிட்டாள்.

ஆபீஸ் மீட்டிங்கில் உட்கார்ந்தால், பேசுகிறவர்கள் எல்லோரும் வாயைத் திறந்தபடி உறைந்து நின்றார்கள். யாரோ நெட்டைத் திருடுகிறார்கள்!

எல்லோரும் போடுகிற அதே 192.168.1.1-ஐத் தட்டி, ரூட்டரின் பக்கத்துக்குப் போனார். போன வருஷம் மெனக்கெட்டு அவரே வைத்த பாஸ்வேர்டு தவறு என்றது. கடுப்பில் வெறும் 'அட்மின்' என்று இரண்டு கட்டத்திலும் அடித்தார். திறந்துகொண்டது.

"அதையும் மாத்திட்டானுங்களா!"

பட்டியலில் அவருடையதைத் தவிர, பெயர் தெரியாத ஒரு லேப்டாப். தடுத்தார். ஐந்து நிமிடத்தில் ஒரு போன் முளைத்தது. அதையும் தடுத்தார். இப்போது இன்னொரு போன்.

"எத்தனை பேருடா கீறீங்க?" மூன்றாவதையும் தடுத்தார். நெட் வேகமாகப் பறந்தது.

அரை மணி கழித்து அழைப்பு மணி அடித்தது. மாடி வீட்டு ஆஞ்சலா. அழுது கண் சிவந்திருந்தது.

"அங்கிள், ஸ்வல்ப மேல வந்து பாக்கறீங்களா? எங்க நெட்டு போயிடுச்சு."

"இன்னாம்மா ஆச்சு?"

"ஆன்லைன்ல கடைசி ரவுண்டு இன்டர்வியூ. பாதியில கட்டாயிடுச்சு. போன்லயும் திரும்பத் திரும்ப சேந்தேன், நிக்கவே இல்ல. வேற ஆளைப் பாத்துக்கறோம்னு மெயில் போட்டுட்டாங்க. எட்டு மாசமா அலைஞ்சேன் அங்கிள்..."

டொமினிக்குக்குக் கொதித்தது. "உங்க வீட்லயும் பூந்துட்டானுங்களா! ஒரு பொண்ணோட பொழப்புல வெளையாடறானுங்களே, மனுசனுங்களா இவனுங்க? இப்பதான் என் ரூட்டர்லேந்து மூணு பேரைத் தொரத்தினேன். வா, உன்னோடதுலயும் எவன் கீறான்னு புடிச்சிடறேன்."

செருப்பை மாட்டும்போது, பிரிசில்லா காய்கறிப் பையோடு படியேறி வந்தாள். கடைசியாக அவர் சொன்னது காதில் விழ, அப்படியே நின்றுவிட்டாள். ஆஞ்சலாவின் முகத்தைப் பார்த்தாள். பிறகு கணவரை உள்ளே இழுத்து, தணிந்த குரலில் சொன்னாள்:

"நம்ம ரூட்டர் எரிஞ்சு போயி நாலு நாளாச்சுங்க. காலையில உங்க லேப்டாப்ல நான் போட்டது, ஆஞ்சலாவோட அம்மா குடுத்த வைஃபை."