ஒன்பது மணி டோக்கன்

"ஒன்பது மணின்னு டோக்கன்ல எழுதிக் குடுத்தேனா இல்லையா? இப்ப மணி என்ன?"

நர்ஸ் அஸ்வினி சுவர்க் கடிகாரத்தைக் காட்டினாள். ஒன்றாக ஐந்து நிமிடம்.

"கோச்சுக்காத கண்ணு" என்றபடி தேசம்மா காலைத் தாங்கித் தாங்கி வந்து படுக்கையில் ஏறினாள்.

பெசன்ட் நகர் குப்பத்தில் மீன் விற்பவள். பாதத்தில் கெளுத்தி முள் குத்தி, சர்க்கரையும் சேர்ந்து, சீழ் பிடித்துவிட்டது. ராஜா அண்ணாமலைபுரத்திலிருக்கும் இந்தக் கிளினிக்கில் புண்ணைச் சுத்தம் செய்ய வருவது இது ஐந்தாவது நாள். முதல் நாள் மட்டும் ஒன்பதுக்கு வந்தாள். அப்புறம் தினமும் ஒரு மணிதான்.

"வியாபாரத்தை முடிச்சுட்டு சாவகாசமா வர்றீங்க. இப்படியே விட்டா காலை எடுக்கணும்னு டாக்டர் சொன்னது காதுல விழலையா?"

"வியுந்துச்சும்மா."

அஸ்வினி முகக்கவசத்தை மாட்டிக்கொண்டு, புண் கழுவும் அல்ட்ராசவுண்ட் கருவியை இயக்கினாள். முனையிலிருந்து உப்புத் தண்ணீர் பொடிப்பொடியாகச் சிதறியது. புண்ணில் ஒட்டியிருந்த அழுக்கும் செத்த சதையும் கரைந்து வழிந்தன. தேசம்மா முந்தானையைக் கடித்துக்கொண்டாள்.

"பாருங்க, கிருமியெல்லாம் சாரலோட ரூம் முழுக்கப் பறக்குது. கழுவித் துடைக்க எனக்கு முக்கால் மணி நேரம். நாலு நாளா என் தயிர்சாதம் புளிச்சே போகுது."

"ஐயோ பாவம். நாளைக்கு ரெண்டு வஞ்சிரம் வறுத்து எடுத்தாரேன்."

"மீனும் வேணாம், ஒண்ணும் வேணாம். நாளைக்கும் லேட்டா வந்தா உங்க நேரத்தை வேற ஆளுக்குக் குடுத்துடுவேன். அவ்ளோதான்."

தேசம்மாவின் சிரிப்பு நின்றது. கட்டுப் போட்ட காலைப் பார்த்தாள். மெல்ல இறங்கிப் போனாள்.

அறையைக் கழுவி முடித்து, அஸ்வினி கை துடைத்துக்கொண்டு வெளியே வந்தபோது வாட்ச்மேன் பீர் முஹம்மது கேட்டார்.

"ஏம்மா, அந்த மீன்காரம்மாவ தெனம் இவ்ளோ நேரம் காக்க வெக்கிறீங்களே, நாயமா? எட்டரைக்கே வந்து கேட்டாண்ட குந்திக்கினு கீது."

"எட்டரைக்கா? அப்ப உள்ள வர வேண்டியதுதானே!"

"நானும் அதத்தான் கேட்டேன். 'நான் மொதல்ல போனா ரூம்பு கழுவ முக்கா மணி ஆவும், பின்னாடி கீற அத்தினி பேரும் என்னாலதான் காத்துக் கெடக்கணும்னு மொத நாளே அந்த நர்சுப் பொண்ணு சலிச்சுக்கிச்சு. எல்லாரும் போவட்டும் பாய்'னுது."