உடன் வந்தவர்

மயிலாத்தாளின் கர்ப்பப்பையை வெளியே எடுத்ததும் அதை ஒரு ஸ்டீல் தட்டில் வைத்து ஆபரேஷன் தியேட்டர் வாசலுக்குக் கொண்டுவந்தார்கள். “மயிலாத்தா கூட வந்தவங்க வந்து பாத்துக்குங்க” என்று நர்ஸ் கூப்பிட்டாள். எடுத்ததைக் கண்ணால் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுவது அந்த ஆஸ்பத்திரியின் வழக்கம். கணவர் நாச்சிமுத்து பார்த்தார். நாத்தனார் பார்த்தாள். பக்கத்துக் கட்டில்காரிக்கு இட்லி வாங்கி வந்த ஒருவரும் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். மயிலாத்தாள் அப்போது மயக்கத்தில் இருந்தாள்.

வீட்டுக்கு அனுப்பும்போது குடம் தூக்கக் கூடாது, காய்ச்சல் வந்தால் உடனே வர வேண்டும் என்பதையெல்லாம் நர்ஸ் நாச்சிமுத்துவிடம்தான் சொன்னாள். ஆஸ்பத்திரியில் எழுதியிருந்ததும் அவருடைய போன் நம்பர்தான்.

வீட்டுக்கு வந்த ஐந்தாம் நாள் மதியம் ஆஸ்பத்திரியிலிருந்து அந்த நம்பருக்கு அழைப்பு வந்தது. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, ஸ்பீக்கரில் போட்டுப் பேசினார்.

“காய்ச்சல் ஏதாச்சும் இருக்குதுங்களா?”

“அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க.”

“ரத்தப்போக்கு?”

“இல்லீங்க, நல்லா இருக்குது.”

கழுத்துவரை போர்த்திப் படுத்திருந்த மயிலாத்தாளுக்குக் காலையிலிருந்தே உடம்பு கொதித்துக்கொண்டிருந்தது. அவள் கையை நீட்டினாள். அவர் தண்ணீர்ச் செம்பை எடுத்துக் கொடுத்தார். அதை வாங்கிக் கீழே வைத்துவிட்டு மறுபடியும் கையை நீட்டினாள். போனைக் கொடுத்தார்.

“காய்ச்சல் இருக்குதுங்க சிஸ்டர்” என்றாள். “அப்புறம், அன்னிக்குத் தட்டுல வெச்சு எல்லாத்துக்கும் காட்டுனீங்களாமா. அது எப்படிங்க இருந்துச்சு?”

மறுமுனையில் தாள் புரளும் சத்தம் கேட்டது.

“நீங்க யாருங்க பேசறது? பேஷண்டுக்கு என்ன உறவு?”