மூன்றாவது ஊசி

"இன்னொரு தடவை என் பிள்ளையைக் குத்துவியா? நீயும் ஒரு பொம்பளைதானே!"

குணவதி போட்ட சத்தத்தில் தண்ணீர்மலைப் பக்கத்து அந்தக் கால்நடை கிளினிக்கே அடங்கிப்போனது. அவள் மடியில் கூண்டு. உள்ளே, கருத்தடை ஆபரேஷன் முடிந்து அரை மயக்கத்தில் வயதான பூனை சுந்தரி.

எதிரே நின்றவள் ஷஹீதா. பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்கிறவள்.

"அக்கா, மயக்க மருந்துக்கு முன்னாடி ஒரு தடவை, பின்னாடி ஒரு தடவை ரத்தம் எடுத்தாச்சு. அடுத்த வாரம் ஒரே ஒரு தடவை கொண்டு வாங்க. ரெண்டு சொட்டு ரத்தம்தான்."

"எதுக்கு?"

"நறுக்கி வச்ச ஆப்பிள் காத்துப் பட்டா கருக்குது இல்லையா? ரத்தத்துலயும் அப்படி ஒரு மாற்றம் நடக்கும். மயக்க மருந்தால அது கூடுதா, குறையுதான்னு லேசா கரண்ட் விட்டு அளக்கிறோம்."

"கரண்டா! என் பிள்ளைக்குக் கரண்ட் வைக்கிறாங்களாம், கேட்டீங்களா?"

"பூனைக்கு இல்லக்கா, எடுத்த ரத்தத்துக்கு."

அது யார் காதில் விழுந்தது? நாய்க்குட்டியோடு காத்திருந்த ஒருவர் ஷஹீதாவை முறைத்தார்.

"படிச்ச பிள்ளைங்களுக்கு மனசே கிடையாது லா."

ஷஹீதா குணவதி பக்கமே திரும்பினாள். "மூணாவது ரத்தம் இல்லன்னா முதல் ரெண்டும் வீண்க்கா. வயசான பூனைக்கு எந்த மருந்து ஒத்துக்கும்னு தெரியாமலே போயிடும். இந்த வயசுல பூனை கிடைக்கிறதே கஷ்டம்."

"அதுக்கு என் சுந்தரிதான் அகப்பட்டாளா? குட்டியில இருந்து என் கட்டில்லதான் தூங்குறா. ஒரு கொசு கடிக்க விட்டதில்ல, தெரியுமா?"

குணவதி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பொய் அழுகை இல்லை. பார்த்தவர்களுக்கே மனசு கேட்கவில்லை.

ஷஹீதா விட்டுக்கொடுத்தாள். "சரிக்கா, ரத்தம் வேணாம். தையல் ஆறுற வரைக்கும் வெளிய விடாம, வீட்டுலயே வச்சுப் பார்த்துக்குங்க. அது போதும்."

"வீட்டுலயா?" குணவதி நிமிர்ந்தாள். "நாளைக்கு நாங்க புக்கிட் மெர்தாஜாமுக்கு, மகன் வீட்டுக்கே மாறிப் போறோம்மா. மருமகளுக்குப் பூனை ஆகாது. தெருவுல குட்டி போட்டுக் கஷ்டப்படக் கூடாதுன்னுதானே ஆபரேஷனே பண்ணேன்."

"அப்போ சுந்தரி?"

குணவதி கூண்டுக்குள் விரலை விட்டு, பூனையின் தலையை ஆசையாகத் தடவினாள்.

"போற வழியில பசார்ல விட்டுடுவோம். மீன் கிடைக்கும். முக்கியமா, அங்க யாரும் என் தங்கத்தை ஊசியால குத்த மாட்டாங்க."