நாற்பதாயிரத்து ஒன்றாவது உயிர்

"கடைசியா எப்பக் கோழியைத் தொட்டீங்க?"

மசாஜ் செய்ய வந்த சபரிநாதனிடம் ராசப்பன் கேட்ட முதல் கேள்வி இதுதான்.

"தொட்டதே இல்லீங்க. நேத்து சாப்பிட்டேன்."

"வெந்த கோழி கணக்குல வராது. இந்த மூணு நாள்ல வேற பண்ணைக்குப் போனீங்களா? ஊட்டுல புறா, கிளி ஏதாச்சும்?"

"இல்லீங்க."

"பொய் சொல்லப்படாது தம்பி. உள்ள நாப்பதாயிரம் உசுரு இருக்குது. ஒருத்தர் சொல்ற பொய்யில அத்தனையும் போயிரும்."

நாமக்கல்லுக்கு வெளியே ராசப்பனின் முட்டைக்கோழிப் பண்ணை. வீடும் அதே வேலிக்குள்தான். கேட்டைத் தாண்டி யார் வந்தாலும் ஒரே சட்டம். சபரிநாதனின் ஸ்கூட்டர் மருந்துத் தொட்டியில் இறங்கி ஏறியது. அவனும் ரோஸ் நிறத் தண்ணீரில் காலை நனைத்தான். காவலாளி அங்கமுத்து அவனுக்கு முன்னாலும் பின்னாலும் மருந்து தெளித்து, குளிக்க வைத்து, பண்ணை லுங்கியும் பனியனும் கொடுத்தார்.

கடைசியாக, கேட் நோட்டில் கையெழுத்து. தீவன லாரியிலிருந்து தீப்பெட்டி வரை, உள்ளே போகிற எதுவும் அதில் ஏறியாக வேண்டும் என்பது முதலாளி கட்டளை. சபரிநாதன் கையெழுத்துப் போட்டுவிட்டு நோட்டையே பார்த்துக்கொண்டு நின்றான்.

ராசப்பனுக்குப் பொறுக்கவில்லை. இடுப்பு பிடித்துப் பத்து நாளாகிறது. குனிய முடியாததால் மேல் வரிசைக் கூண்டுகளை மட்டும் விசாரித்துவிட்டுத் திரும்புகிறார். கீழ் வரிசைக் கோழிகளின் கொண்டை என்ன நிறத்தில் இருக்கிறதென்றே தெரியவில்லை. எந்த நோயும் முதலில் கீழ் வரிசையில்தான் உட்காரும் என்பது அவர் நம்பிக்கை.

போன வாரம் சேலத்தில் ஒரு மசாஜ் அம்மாவிடம் போயிருந்தார். அவர் சாப்பிடும் மாத்திரையின் பெயரைக் கேட்டதும் அந்தம்மா கையை எடுத்துக்கொண்டது. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவரை அழுத்தினால் உள்ளுக்குள்ளேயே ரத்தம் கசியுமாம். டாக்டர் சீட்டு வேண்டுமாம். டாக்டரோ ஓய்வெடுக்கச் சொன்னார். ஓய்வெடுத்தால் கீழ் வரிசையை யார் பார்ப்பது? இனி யாரிடமும் மாத்திரைப் பேச்சே எடுப்பதில்லை என்று அன்றைக்கே முடிவு கட்டிவிட்டார்.

வீட்டுக்குள் வந்த சபரிநாதன் முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவினான். உறையைப் பிரித்துத் துவைத்த விரிப்பை எடுத்துக் கட்டிலில் போட்டான். கேட்பதற்கு முன்னாலேயே நகத்தை நீட்டிக் காட்டினான். இவனைப் பண்ணை வேலைக்கே எடுத்துக்கொள்ளலாமே என்று தோன்றியது ராசப்பனுக்கு.

அப்புறம் அவன் ஒரு படிவத்தை எடுத்தான். சர்க்கரை உண்டா, தோலில் படை உண்டா, காய்ச்சல் உண்டா என்று ஒவ்வொன்றாகக் கேட்டான். எல்லாவற்றுக்கும் இல்லை.

"ஹார்ட்டுக்கு, ரத்தத்துக்குன்னு மாத்திரை ஏதாச்சும்?"

"ஒண்ணும் கிடையாது."

சபரிநாதன் பேனாவை மூடவில்லை.

"யோசிச்சுச் சொல்லுங்கய்யா. இங்க ஒரே ஒரு உசுருதானுங்க இருக்குது."

"தம்பி, எலும்பு நொறுங்கற மாதிரி அழுத்தறதா இருந்தா அழுத்துங்க. இல்லைனா சொல்லிருங்க. ஓமலூர்ப் பக்கம் ஒருத்தர் முதுகு மேலயே ஏறி நின்னு மிதிக்கறாராம். சாயங்காலம் அங்க போயிக்கறேன்."

சபரிநாதன் பேனாவை மூடினான்.

"குப்புறப் படுங்க."

முதலில் சுடுதண்ணீர்ப் பை. இதமாக இருந்தது. அதற்குப் பிறகுதான் ஆரம்பித்தது. லாரியில் தீவன மூட்டை ஏற்றுகிறவன் மாதிரி "ஹும்... ஹா..." என்று முக்கினான் சபரிநாதன். கட்டில் கிறீச்சிட்டு ஆடியது. படார் படாரென்று அடி விழும் சத்தம். தலையணையில் முகம் புதைத்திருந்த ராசப்பனுக்கு வலியே இல்லை. தொழில் தெரிந்த கை இப்படித்தான் இருக்கும் என்று எண்ணிக்கொண்டார்.

"இன்னும் கொஞ்சம் அழுத்து தம்பி."

"இதுக்கு மேல அழுத்துனா என்னோட மணிக்கட்டு போயிருமுங்க."

ஜன்னல் பக்கம் அங்கமுத்து விட்டுவிட்டு இருமுகிற சத்தம் கேட்டது. இருமல் நிற்கிற வரைக்கும் கோழிப் பக்கம் போகக்கூடாது என்று படுத்தபடியே உத்தரவு போட்டார்.

ஒரு மணி நேரம் கழித்து எழுந்தவர், மெதுவாகக் குனிந்து பார்த்தார். முழுசாக இல்லை; ஆனால் கீழ் வரிசைக்குப் போதும். ஷெட்டுக்கு விரைந்தார். கொண்டையெல்லாம் செக்கச்செவேலென்று இருந்தன. பத்து நாள் கழித்துக் குனிந்து பார்த்த மனுசனைக் கோழிகள் கழுத்தைச் சாய்த்துப் பார்த்தன.

சபரிநாதனைக் கூப்பிட்டு நாலு வார்த்தை பாராட்டலாம் என்று கேட்டுக்கு வந்தால், அவன் கிளம்பிவிட்டிருந்தான். அங்கமுத்து கையில்தான் படிவத்தைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தான்.

ராசப்பன் பிரித்துப் படித்தார்.

"ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை: உண்டு. ஆதாரம்: கேட் நோட்டில் என் பெயருக்கு மேல் வரி."

நோட்டை வாங்கிப் பார்த்தார். அங்கமுத்துவின் கோணல் எழுத்து: 'மொதலாளிக்கு ரத்தம் ஒறையாத மாத்திரை, ஒரு மாசத்துக்கு.'

"இதையெல்லாமாடா எழுதுவ?"

"பொய் சொன்னா உசுரு போயிரும்னு நீங்கதானுங்க சொல்லியிருக்கறீங்க."

ராசப்பன் மீதியைப் படித்தார்.

"அடுத்த முறை டாக்டர் சீட்டு அவசியம். யாரையும் முதுகில் ஏற விடாதீர்கள். கொடுத்த ஒத்தடம்: இருபது நிமிடம். கொடுத்த அழுத்தம்: முட்டையைத் துடைக்கும் அளவு. வாங்கிய அடி: என் தொடை. கொடுத்த சத்தம்: நீங்கள் கேட்ட அளவு."